எலி வளையானாலும்

ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். ஏறத்தாழ ஒரு சாண் அகலம். கண்ணாடிபோல் தெளிந்த பாலிகார்பனேட் தொட்டி, மேலே கம்பி மூடி. மூடியின் பள்ளத்தில் தீனிக் கட்டிகள், பக்கத்தில் தலைகீழாகச் செருகிய தண்ணீர்ப் பாட்டில். தரையில் மரத்தூள். ஒரு மூலையில், கொடுத்த பஞ்சையும் காகிதத்தையும் பல்லால் நார்நாராகக் கிழித்துச் சுண்டெலி தானே கட்டிக்கொண்ட கூடு. உலகின் மருத்துவ ஆய்வகங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கூண்டு இதுதான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் ஊரில். ஆய்வகச் சுண்டெலிக்கு வாய்த்த வளை இது. பிறந்து, தின்று, உறங்கி, சாகும்வரை அதன் உலகம் இவ்வளவே. நெடுங்காலம் இந்தக் கூண்டை நாம் ஒரு பாத்திரமாகவே கருதினோம். சோதனை வரும்போது உள்ளிருப்பதை எடுத்தோம். முடிந்ததும் திருப்பி வைத்தோம். அந்தப் பாத்திரம் மெல்ல மெல்லக் கண்ணும் காதும் பெற்று, தனக்குள் வாழும் உயிரைப் பற்றி நமக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. வலிப்பு நோய் ஆய்வில் அது சொல்லும் செய்திகளுக்குத் தனி மதிப்பு உண்டு. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நோய் அது. அத்தகைய நோய்க்கு, எப்போதும் விழித்திருக்கும் சாட்சி வேண்டும்.

வைக்கோல் பரப்பிய பெட்டி

கூண்டின் கதை ஒரு மரப்பெட்டியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற சிற்றூரில், ஆபி லாத்ரப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை 1900-ஐ ஒட்டிச் சுண்டெலிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். வீட்டில் ஆசைக்கு வளர்க்கும் வண்ணச் சுண்டெலிகளை விற்பதே தொழில். வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகளில் அவை பெருகின. சில ஆண்டுகளில் மரபியல் ஆய்வாளர்களும் அவரிடம் வாங்க வந்தார்கள்.

லாத்ரப் 1918-இல் மறைந்தார். அவர் பண்ணை வழிவந்த 57-ஆம் எண் பெண் சுண்டெலியைக் கொண்டு, 1921-இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற மரபியலாளர் ஒரு வம்சத்தை உருவாக்கினார். உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததில், மரபணுவில் ஒன்றுக்கொன்று அச்செடுத்தாற்போன்ற கறுப்புச் சுண்டெலிகள் கிடைத்தன. 'சி57 பிளாக்' என்ற அந்த வம்சம்தான் இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் ஆய்வகச் சுண்டெலி. 1929-இல் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் லிட்டில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். 1947-இல் காட்டுத்தீ அந்த ஆய்வகத்தைச் சூழ்ந்து ஏறத்தாழ எல்லாச் சுண்டெலிகளையும் அழித்தது. முன்பு அங்கிருந்து வாங்கிச் சென்றவர்கள் தங்களிடமிருந்த வாரிசுகளைத் திருப்பி அனுப்பி வம்சத்தை மீட்டுக் கொடுத்தார்கள்.

இந்தக் காலம் முழுவதும் கூண்டின் வேலை சேமித்து வைப்பது மட்டுமே. பெட்டி வேறாக இருந்தது, எலி வேறாக இருந்தது. பெட்டிக்குள் இரவில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

எழுதத் தெரிந்த கூண்டு

அந்தச் சிலரில் ஒருவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கர்ட் ரிக்டர். 1922-இல் வெளியான அவருடைய ஆய்வில், எலிக்கூண்டை ரப்பர்த் தோல் போர்த்திய சிறு காற்றுப் பறைகளின்மேல் நிறுத்தினார். எலி அசைந்தால் பறை அமுங்கும். அமுங்கிய காற்று குழாய் வழியாகச் சென்று ஓர் எழுதுமுள்ளைத் தள்ளும். சுழலும் தாளில் ஒரு கீற்று விழும். யாரும் பக்கத்தில் இல்லை, எதுவும் எலியைத் தூண்டவில்லை. அப்படியும் எலி ஓர் ஒழுங்கோடு எழுந்து ஓடுவதையும் மறுபடி ஓய்வதையும் தாள் காட்டியது. உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதை உலகம் உணர்ந்துகொண்டதில் ரிக்டரின் கூண்டுக்குப் பங்கு உண்டு.

எழுதத் தெரிந்த கூண்டு அன்றே பிறந்துவிட்டது. ஆனால் வலிப்பு ஆய்வு அடுத்த அரை நூற்றாண்டுக்கு வேறு வழியில் போயிற்று. எலியைக் கூண்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கும் வழி அது.

மேசைக்கு வந்த சுண்டெலி

கால்வின் ஹால் என்ற உளவியலாளர் 1934-இல், வெளிச்சமான திறந்த அரங்கில் எலியை இறக்கிவிட்டு அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் சோதனையை அமைத்தார். அதே ஹால் 1947-இல் இரண்டு சுண்டெலி வம்சங்களுக்கு முன் மணியடித்துப் பார்த்தார். சி57 கறுப்புகள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. டிபிஏ என்ற வம்சத்துச் சுண்டெலிகள் தறிகெட்டு ஓடி, வலிப்பு கண்டு விழுந்தன. பல இறந்தும் போயின. வலிப்புக்கு ஆளாகும் தன்மை மரபணுவில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதற்கு அந்த மணியோசை வலுவான சான்றாயிற்று.

மருந்துத் தேடலும் மேசையில்தான் நடந்தது. 1937-38-இல் பாஸ்டனில் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி புட்னமும் பூனைகளின் மூளைக்கு மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைத்து, எந்த வேதிப்பொருள் அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அப்படிக் கிடைத்ததே ஃபெனிடாயின். இன்றும் எத்தனையோ வீடுகளின் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. மின்னதிர்ச்சி கொடுப்பது, பென்டிலீன்டெட்ரசால் என்ற வேதிப்பொருளை ஊசியில் ஏற்றுவது என்ற இரண்டு சோதனைகள் நிலைபெற்றன. 1975-இல் அமெரிக்க அரசு வலிப்பு மருந்துகளைச் சலித்தெடுக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியபோது, யூட்டா பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனைகளே முதல் சல்லடையாக இருந்தன.

சல்லடைக்கு ஒரு குறை உண்டு. அதன் கண்ணுக்கு ஏற்றதுதான் அதில் நிற்கும். லெவெடிராசெட்டம் என்ற மருந்து அந்த இரண்டு சோதனையிலும் தோற்றது. நலமான மூளையில் வலிந்து வரவழைத்த வலிப்பை அதனால் தடுக்க முடியவில்லை. பிறவியிலேயே வலிப்புள்ள விலங்குகளிடமும், மூளை படிப்படியாக வலிப்புக்குப் பழகிவிட்ட விலங்குகளிடமும்தான் அதன் பலன் தெரிந்தது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் மிகுதியாக எழுதித் தரும் வலிப்பு மருந்துகளில் அது ஒன்று. ஒரு கணம் அதிர்ச்சிக்கு உள்ளாகும் உடம்பு வேறு, நோயோடு குடித்தனம் நடத்தும் உடம்பு வேறு. லெவெடிராசெட்டம் சொன்ன பாடம் அதுதான்.

எப்போது வரும்?

நோயோடு வாழும் விலங்கைத் தேடியவர்களுக்குக் கனடா வழிகாட்டியது. 1967-இல் கிரஹாம் காடர்டு, எலி மூளைக்குச் சிறிதளவு மின்தூண்டலை நாள்தோறும் கொடுத்தால், முதலில் ஒன்றும் செய்யாத அதே அளவு கடைசியில் முழு வலிப்பை வரவழைப்பதை அறிவித்தார். சுள்ளி வைத்துத் தீ மூட்டுவது என்ற பொருளில் அதற்கு 'கிண்ட்லிங்' என்று பெயர் வந்தது. 1972-இல் ரொனால்டு ரசின் அந்த வலிப்புகளை ஐந்து படிகளாக வகுத்தார். வாயும் முகமும் துடிப்பது முதற்படி. தலை ஆடுவது இரண்டாவது. முன்னங்கால்கள் வெட்டுவது மூன்றாவது. பின்னங்காலில் எழுந்து நிற்பது நான்காவது. எழுந்து நின்று விழுவது ஐந்தாவது. இன்றும் ஆய்வகக் குறிப்பேடுகளில் அந்த எண்களே எழுதப்படுகின்றன.

பிறகு 1980-களில் பைலோகார்பின் வந்தது. பிரேசில் நாட்டு ஜபராண்டிச் செடியிலிருந்து கிடைத்த பொருள். ஜப்பானியர் குடற்புழு மருந்தாகப் பயன்படுத்திய செங்கடற்பாசியிலிருந்து எடுத்த கைனிக் அமிலமும் பயன்பட்டது. இவை விலங்குக்கு நெடுநேர வலிப்பை ஒருமுறை உண்டாக்கும். அது அடங்கியபின் சில நாளோ சில வாரமோ அமைதி. பிறகு ஒருநாள், யாரும் எதுவும் செய்யாமலே, வலிப்பு தானாக வரத் தொடங்கும். மனிதரின் நெற்றிப்பொட்டு மடல் வலிப்பு நோயை நெருங்கி ஒத்த மாதிரி அது.

தானாக வரும் என்றால் எப்போது வரும்? ஒரு வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். சில விலங்குகளுக்கு நாள்தோறும் வரும். சிலவற்றுக்கு நாள்கணக்கில் வராமல் ஒரே நாளில் கொத்தாக வரும். ஆய்வு மாணவர்கள் மணிக்கணக்கில் கூண்டு முன் உட்கார்ந்தார்கள். ஒளிநாடாக்களைப் பதிவுசெய்து வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். மண்டையோட்டில் மின்முனை பதித்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தால் துல்லியம் கிடைக்கும். ஆனால் அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். பல சமயம் தலையில் கம்பியோடு விலங்கு வாழ வேண்டும்.

மனிதரிடமும் இதே சிக்கல்தான். ஜெர்மனியின் பான் நகரில் 91 நோயாளிகளை வீடியோவோடும் மூளை மின்னலைப் பதிவோடும் கண்காணித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பதிவான வலிப்புகளில் பாதிக்கு மேல் நோயாளிகளே குறித்துவைக்கவில்லை. உறக்கத்தில் வந்தவற்றில் நூற்றுக்கு 85-க்கும் மேல் விடுபட்டுப் போயின. இதில் கவனக்குறைவு ஏதுமில்லை. வலிப்பு தான் வந்துபோன நினைவையே துடைத்துவிட்டுப் போகிறது. நோயாளியின் நாட்குறிப்பை நம்பித்தான் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார்.

கையின் வாசனை

கூண்டுக்கு வெளியே செய்த சோதனைகளில் இன்னொரு கோளாறும் இருந்தது. போர்ட்லாந்து, எட்மன்டன், ஆல்பனி என்ற மூன்று நகரங்களின் ஆய்வகங்கள் சேர்ந்து 1999-இல் ஒரு முடிவை வெளியிட்டன. எட்டு வகைச் சுண்டெலிகள், ஆறு நடத்தைச் சோதனைகள். ஒரே கருவி, ஒரே வயது, ஒரே நேரம் என்று எல்லாவற்றையும் முடிந்தவரை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். அப்படியும் சில முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. எதை ஒன்றாக்கினாலும் சுண்டெலியைத் தூக்கும் கையை ஒன்றாக்க முடியாதே.

பிறகு அந்தக் கை பற்றியே ஆய்வுகள் வந்தன. வாலைப் பிடித்துத் தூக்கினால் சுண்டெலிக்குப் பதற்றம் கூடுகிறது, உள்ளங்கையில் ஏந்தினாலோ குழாய்க்குள் நுழையவிட்டு எடுத்தாலோ குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு 2010-இல் காட்டியது. ஆண் ஆய்வாளர் அணிந்த சட்டையின் வாசனை மட்டுமே எலிகளுக்கு அழுத்தம் தந்து, அவை வலியை உணரும் விதத்தை மாற்றுகிறது என்று 2014-இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகம் கண்டது.

வலிப்பு ஆய்வில் இது வெறும் துல்லியத்தின் கேள்வி ஆகாது. ஜப்பானில் கண்டறியப்பட்ட ஈஎல் வகைச் சுண்டெலிகளைக் கையில் எடுத்தாலோ கூண்டு மாற்றினாலோ வலிப்பே வந்துவிடும். அளக்கப்போகிற கையே நோயைக் கிளப்புகிறது. கையை விலக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ரிக்டர் விட்ட இடத்துக்கே ஆய்வு திரும்பியது.

கண் முளைத்த கூண்டு

ஒவ்வொரு ஊரும் கூண்டுக்கு ஒரு புலனைக் கொடுத்தது. சூரிக்கில் உருவான 'இன்டெல்லிகேஜ்' என்ற கூண்டில் பல சுண்டெலிகள் கூட்டமாக வாழ்கின்றன. அரிசிமணி அளவுச் சில்லு ஒவ்வொன்றின் தோலடியிலும் இருக்கிறது. நான்கு மூலைகளில் எந்த மூலைக்கு எது தண்ணீர் குடிக்க வந்தது என்று கூண்டே குறித்துக்கொள்ளும். நெதர்லாந்தின் வாகெனிங்கன் நிறுவனம் ஒன்று கூரையில் அகச்சிவப்பு விளக்கும் காமிராவும் வைத்தது. சுண்டெலிக்கு அகச்சிவப்பு ஒளி தெரியாது. அதற்கு அது கும்மிருட்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் அழுத்தத்தை உணரும் தரையைச் செய்தார்கள். உறங்கும் சுண்டெலியின் மூச்சு ஏறி இறங்குவதைக்கூட அந்தத் தரை அறியும். இத்தாலியின் டெக்னிபிளாஸ்ட் நிறுவனம் கூண்டுக்கு அடியில் 12 மின்தகடுகளைப் பதித்தது. நீர் நிறைந்த உடம்பு ஒரு தகட்டுக்கு மேல் வரும்போது மின்புலம் சற்று மாறுகிறது. நொடிக்கு நான்கு முறை அந்த மாற்றத்தை அளந்து, சுண்டெலி எங்கே இருக்கிறது என்று கூண்டு சொல்லிவிடும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2010-இல் வெளியிட்ட கணினி நிரல், காமிராப் படத்திலிருந்து எட்டுச் செயல்களைத் தானாகப் பிரித்தறிந்தது. குடிப்பது, தின்பது, உடம்பை நக்கித் துடைப்பது, கம்பியில் தொங்குவது, எழுந்து நிற்பது, நடப்பது, ஓய்வது, இருந்த இடத்திலேயே சற்று அசைவது. பயிற்சி பெற்ற மனிதரின் கணிப்புக்கு அது ஈடுகொடுத்தது.

அப்படிப்பட்ட கூண்டில் ஓர் இரவைப் பார்க்கலாம். அறை விளக்கு அணைகிறது. சில நிமிடங்களில் கூட்டின் வாயில் மூக்கு தெரிகிறது. மீசை துடிக்கிறது. சுண்டெலி இறங்கிச் சுவரோரமாக ஒரு சுற்று வந்து, எழுந்து நின்று காற்றை மோந்து, பாட்டில் நுனியை நக்குகிறது. ஒவ்வொரு நக்கலும் ஒரு புள்ளி. தீனி, ஓட்டம், மறுபடி தண்ணீர், முகத்தைக் கழுவிக்கொள்ளல், கூட்டில் ஒரு குட்டித் தூக்கம். சக்கரம் இருந்தால் ஓர் இரவில் பல கிலோமீட்டர் ஓடிவிடும்.

நடு இரவில் ஒரு தருணம். முகம் துடிக்கிறது, தலை ஆடுகிறது, முன்னங்கால்கள் வெட்டுகின்றன, எழுந்து விழுகிறது. ரசினின் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. பதிவில் அது கூரிய ஒரு முள். அதன் பின்னே தட்டையான ஒரு கோடு. சுண்டெலி கூட்டுக்கு வெளியே, மரத்தூளில், விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. முள்ளை எண்ணுவதோடு பழைய ஆய்வு நின்றது. கூண்டு நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. அது எப்போது கூட்டுக்குத் திரும்பியது, எத்தனை மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் தேடியது, மறுநாள் எப்படி உறங்கியது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கின்றன.

முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம். ஆனால் மனச்சோர்வு, பதற்றம், உறக்கக் கேடு, கற்றலில் தடுமாற்றம் என்று நோய் வலிப்பு வராத நாட்களிலும் ஆளை விடுவதில்லை. வலிப்பு குறைந்தபிறகும் பிள்ளை பழைய பிள்ளையாக இல்லையே என்று கலங்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

டிராவே நோய் அதற்குச் சான்று. பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவே 1978-இல் விவரித்த நோய் அது. பிறந்து ஓராண்டுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, முதல் வலிப்பு வரும். பிறகு வளர்ச்சி பின்தங்கும், உறக்கம் கெடும். காரணம் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பிழை என்று 2001-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் கண்டறிந்தார்கள். 2006-இல் சியாட்டிலில் வில்லியம் கேட்டரலின் குழு அதே மரபணுவில் ஒரு பிரதி இல்லாத சுண்டெலியை உருவாக்கியது. மூளையின் கடிவாள நரம்பணுக்கள்தாம் அதில் முதலில் வலுவிழக்கின்றன என்று தெரிந்தது. அந்தச் சுண்டெலிகளுக்கு வலிப்பு மட்டும் வரவில்லை. மற்றவற்றோடு பழகுவதும் குன்றியிருந்தது என்றும், குறைந்த அளவு குளோனசெபம் என்ற மருந்து அதை மீட்டது என்றும் 2012-இல் அதே குழு காட்டியது.

இத்தகைய மாற்றங்களைப் பிடிக்க இரவும் பகலும் விழித்திருக்கும் கூண்டைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் வைஷ்ணவ் கிருஷ்ணனின் குழு, வால்புரோயிக் அமிலம் என்ற வலிப்பு மருந்து சுண்டெலியின் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்பதைக் குடியிருக்கும் கூண்டிலேயே வைத்துப் பார்த்து 2020-இல் எழுதியது. மருந்து வலிப்பை நிறுத்துகிறதா என்பதோடு, அந்த மருந்தோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்பதும் கேட்கத் தக்க கேள்வி. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு முப்பரிமாண வீடியோவைக் கணினிக்குக் கற்பித்து, சுண்டெலியின் அசைவுகளைச் சொல் சொல்லாகப் பிரித்தது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத நடத்தை அடையாளங்களை வைத்தே வலிப்பு நோயுள்ள சுண்டெலியை இனங்காண முடிந்தது. மருந்து கொடுத்தபோது அந்த அடையாளங்கள் மாறுவதும் தெரிந்தது.

கூண்டுக்குத் தெரியாதவை

சாட்சிக்கும் எல்லை உண்டு. சில வலிப்புகளில் சுண்டெலி சில விநாடி அசையாமல் நிற்கும், அவ்வளவே. அதையும் சாதாரண நிற்றலையும் காமிராவால் பிரிக்க இயலாது. அங்கே மின்முனைதான் சொல்ல வேண்டும். இரண்டு கறுப்புச் சுண்டெலிகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டால் எது எது என்று காமிரா குழம்பும். அதனால் பல ஆய்வுகளில் ஒரு கூண்டுக்கு ஒரு சுண்டெலிதான். தனி வளையின் பெருமையைப் பேசும் பழமொழி மனிதருக்குச் சொன்னது. சுண்டெலி ஒன்றோடொன்று சுருண்டு, உடம்புச் சூட்டைப் பங்கிட்டு உறங்கும் உயிர். தனிமையும் நோய்போலவே அதன் நடத்தையை மாற்றுகிறது. கூட்டமாக வாழும் சுண்டெலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் கூண்டுகளைத் தேடி இப்போதைய ஆய்வுகள் நகர்வதற்கு அது ஒரு காரணம்.

ஆய்வுக்காக விலங்குகள் படும் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் எழுதிய நூல் வலியுறுத்தியது. கூண்டு அந்தக் கடமையையும் ஏற்கலாம். கூட்டுக்குத் திரும்பாத, தண்ணீரைத் தொடாத சுண்டெலியை விடியும் முன்பே அது அடையாளம் காட்டினால், ஒரு வேதனை சில மணி நேரமாவது குறையும். நமக்காக நோயைச் சுமக்கும் உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடனில் அது ஒரு சிறு பங்கு.

எப்போதும் விழித்திருக்கும் சாட்சி என்ற எண்ணம் மனிதரின் படுக்கையறைக்கும் வந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டி, கைகால் வெட்டும் வலிப்பை உணர்ந்து வீட்டாரை எழுப்பும் கடிகாரம் ஒன்றுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரவெல்லாம் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கூண்டின் பயணம் வாரந்தோறும் ஓரிடத்தில் முடிந்து தொடங்குகிறது. அழுக்கான கூண்டு கழுவுமிடத்துக்குப் போய், கொதிநீராவியில் தூய்மையாகித் திரும்ப வேண்டும். கூண்டு மாற்றிய நாளில் சுண்டெலியின் ஓட்டம் கூடுவதைப் பதிவுகள் தவறாமல் காட்டுகின்றன. வீடு மாறிய கலக்கம் அது. அதனால் கூண்டு பராமரிப்பவர் ஒரு காரியம் செய்வார். பழைய கூட்டிலிருந்து ஒரு பிடிப் பஞ்சை எடுத்துப் புதுக் கூண்டின் மூலையில் வைப்பார். சுண்டெலியை உள்ளங்கையில் ஏந்தி உள்ளே விடுவார். தன் வாசனையைக் கண்டதும் அது அந்த மூலைக்குப் போய், பஞ்சைப் பல்லால் பிரித்து மறுபடி கூடு கட்டத் தொடங்கும். அடியில் இருக்கும் தகடுகள் அதையும் எழுதிக்கொள்ளும்.